மேல்முறையீட்டு விசாரணைக்கு ஆயத்தமாதல்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவையும் தேர்வில் தேறும் ஆற்றலையும் ஊட்டி வந்துள்ளது. அக்கல்வி வீட்டிற்குள் நுழைந்து என்ன செய்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டிய வேளை இது. பட்டம் பெற்ற மகன் இருக்கும் வீட்டிலேயே, தந்தையின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்த தாள் கூரை இடுக்கில் செருகப்பட்டு, எவராலும் படிக்கப்படாமல் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். கல்குவாரியிலும் செங்கற் சூளையிலும் கட்டட வேலையிலும் வயலிலும் உழைத்துக் கையும் காலும் இழந்தோர் நம் தெருக்களில் மிகுதி. பிறவியிலேயே கண்ணொளியோ செவிப்புலனோ குன்றிய பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர். இவர்களுக்கு அரசு வழங்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் மறுக்கப்பட்டாலும், உரிய விழுக்காட்டிற்குக் குறைவாக மதிப்பிடப்பட்டாலும், மேல்முறையீடு செய்ய வழியுண்டு. அவ்விசாரணைக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதே இன்று நமக்குத் தரப்பட்ட பொருள்.

முதலில் சட்டம் கூறுவதை அறிவோம். 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை உடற்குறைகளையே ஏற்றது. அதனிடத்தில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளை ஏற்கிறது. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டத்தில் நூற்றுக்கு நாற்பது என்பது ஒரு பெரிய வாயிற்படி. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத உடற்குறை உடையோர்க்கே அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடமும், உயர்கல்வியில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடமும் ஒதுக்கப்படுகின்றன. 2009 இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டமோ எண்பது விழுக்காட்டை அளவாக வைத்தது. ஆகவே சான்றிதழில் எழுதப்படும் எண் வெறும் எண்ணன்று. முப்பத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் அரிசியும் இருக்கிறது.

சான்றளிக்கும் அதிகாரியின் முடிவால் குறையுற்றவர் எவரும், மாநில அரசு குறித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம், அரசு வகுத்துள்ள கால எல்லைக்குள் முறையிடலாம் என்று இச்சட்டத்தின் 59 ஆம் பிரிவு கூறுகிறது. இது எவரும் இரங்கி அளித்த சலுகையன்று. வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறுவதற்கு, அரசு தன் ஆற்றலுக்கு உட்பட்டு வகை செய்ய வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 41 ஆம் உறுப்பே பணிக்கின்றது.

இங்கே நம் மக்களிடம் உள்ள ஒரு பழக்கத்தைக் கூறியாக வேண்டும். அலுவலர் முன் நின்றதும் கை தானே குவிகிறது. முதுகு தானே வளைகிறது. மருத்துவர், “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “நல்லா இருக்கேன் சாமி” என்று வாய் தானே சொல்லிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக, குறை சொல்பவன் அடி வாங்கினான்; நன்றாக இருக்கிறேன் என்றவனே பிழைத்தான். அப்பழக்கம் இன்றும் நம் நாவில் குடியிருக்கிறது. வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, அழுது அரற்றிக் காலில் விழுகின்றனர். இரண்டுமே விசாரணைக்கு உதவா. மேல்முறையீடு என்பது இரத்தலன்று. கணக்கில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டிச் சரிபார்க்கக் கேட்பதாகும். கணக்குக் கேட்பவன் அழவும் வேண்டியதில்லை, அஞ்சவும் வேண்டியதில்லை. கையில் கணக்கு இருந்தால் போதும்.

நம் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அருந்தினார். ஆயிரக்கணக்கான மக்கள் அவரைப் பின்பற்றி அருந்தினர். அதன்பின் மேல்சாதியார் சிலர், குளத்தைப் பிறர் தீண்டாமை தொன்றுதொட்ட வழக்கம் என்று கூறி நீதிமன்றம் ஏறினர். அவ்வழக்கு பத்தாண்டுக் காலம் நீடித்து, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. அத்தகைய தொன்மையான வழக்கம் இருந்ததாக அவர்கள் மெய்ப்பிக்கவில்லை என்று கண்டு, நீதிமன்றம் அவர்கள் முறையீட்டைத் தள்ளியது. குளக்கரையில் காட்டிய துணிவை, வழக்குமன்றத்தில் பத்தாண்டுப் பொறுமையும் சான்றாய்வும் காத்தன. துணிவோடு தாளும் வேண்டும் என்பதே நாம் அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

இனி ஆயத்தத்தின் படிகளைப் பார்ப்போம்.

முதற்படி, மறுக்கப்பட்டது எது என்று அறிதல். நம்மவர் பலர், “பணம் வரவில்லை” என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். ஏன் வரவில்லை என்பதில் பல வகை உண்டு. உடற்குறையே இல்லை என்று மருத்துவக் குழு மறுத்திருக்கலாம். உடற்குறை உண்டு, ஆனால் விழுக்காடு குறைவு என்று எழுதியிருக்கலாம். நிரந்தரம் என்னாமல், இத்தனை ஆண்டுக்கு மட்டும் செல்லும் என்று குறித்திருக்கலாம். இவை மூன்றும் மருத்துவ மதிப்பீட்டைப் பற்றியவை. 59 ஆம் பிரிவின்படி முறையிடத் தக்கவை. சான்றிதழ் சரியாக இருந்தும், வருமானம், வயது, முகவரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் உதவித்தொகை மறுக்கப்பட்டிருந்தால் அது வேறு. அதற்கு மருத்துவக் குழுவிடம் போய்ப் பயனில்லை. வருவாய்த்துறையின் மேல் அலுவலரிடமோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலோ மனு அளிக்க வேண்டும். தவறான கதவைத் தட்டி ஓராண்டை இழந்தோர் நம்மிடையே உண்டு. ஆதலால் மறுப்புத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும். காரணம் எழுதப்படாமல் வாய்மொழியாக மறுத்திருந்தால், காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். தகுதியில்லை என்று முடிவு செய்தால் அதன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை 2017 ஆம் ஆண்டு விதிகளே கூறின.

இரண்டாம் படி, தாள்களைத் திரட்டுதல். மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டு, உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பியபோது தந்த சுருக்கக் குறிப்பு, எக்ஸ்ரே படம், செவித்திறன் சோதனை வரைபடம், கண் பரிசோதனைத் தாள் ஆகியன அனைத்தும் வேண்டும். இவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் எண்ணிட்டு, முதல் தாளில் ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும். நகலை அலுவலகத்திற்குக் கொடுக்கலாம். மூலத்தை ஒருபோதும் கைவிடலாகாது. பழைய தாள் தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் எழுதிக் கேட்கலாம். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவேட்டின் நகலை 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளில் உள்ளது. பதிவுகளை மூன்று ஆண்டுகள் பேண வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. எனவே காலந்தாழ்த்தாமல் கேட்பது நன்று. அரசு அலுவலகத்தில் உள்ள தாள்களை, 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கோரலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு பிள்ளை கரும்பலகை தெரியாமல் முதல் வரிசைக்கு மாற்றப்பட்டதும், அழைத்தால் திரும்பிப் பாராமல் இருந்ததும், எழுத எடுத்துக்கொண்ட நேரமும் ஆசிரியர் அறிந்தவை. வருகைப் பதிவேடும் மாறாச் சான்று. பெற்றோர் கேட்டால், கண்டதைக் கண்டவாறு எழுதிக் கொடுப்பது எங்கள் கடமை. தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாம் படி, அன்றாட வாழ்வைக் குறித்து வைத்தல். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒரு மாதம் நாள்தோறும் எழுத வேண்டும். “கால் வலிக்கிறது” என்று எழுதினால் அது எல்லோர்க்கும் வரும் வலி. “பேருந்து நிறுத்தம் வரை நடக்க இருமுறை உட்கார வேண்டியிருந்தது, முன்பு பத்து நிமிடம், இப்போது அரை மணி” என்று எழுதினால் அது சான்று. சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, குடத்தைத் தூக்க முடிகிறதா, கழிப்பிடத்தில் உட்கார்ந்து எழ முடிகிறதா, சோறு பிசைந்து உண்ண முடிகிறதா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நல்ல நாளையும் எழுத வேண்டும்; தீய நாளையும் எழுத வேண்டும். மாதத்தில் எத்தனை நாள் எந்நிலை என்று கூட்டிப் பார்க்க வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர்க்குப் பேரனும் பேத்தியும் எழுதட்டும். ஒன்றை மறக்க வேண்டா: நோட்டுப் புத்தகம் தானாக விழுக்காட்டைக் கூட்டிவிடாது. விழுக்காடு அளந்து காணும் உடற்குறையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆனால் எந்த இடத்தை அளக்க வேண்டும் என்பதை அந்நோட்டு மருத்துவர்க்குக் காட்டும்.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நம் பகுதியில் ஒரு கட்டடத் தொழிலாளி. சாரம் சரிந்து விழுந்ததில் வலக்கை முடங்கியது. அதே விபத்தில் கணுக்காலும் முறிந்து, கோணலாகக் கூடியது. முகாமுக்குச் சென்றபோது கையை மட்டும் நீட்டினார். காலைப் பற்றி எவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கைக்கு 30 விழுக்காடு என்று எழுதப்பட்டது. நாற்பதுக்குக் கீழே ஆனதால் ஒன்றும் கிடைக்கவில்லை. “காலுக்கு என்னய்யா, நடக்கத்தானே செய்கிறேன்” என்பது அவர் வாதம். அவர் மகள் எழுதிய நோட்டைப் படித்த பின்னரே, படியேறவும் தரையில் அமரவும் அவர் படும் பாடு வெளிப்பட்டது. மேல்முறையீட்டில் கால் தனியே ஆராயப்பட்டு, அதற்கு 15 என்று காணப்பட்டது.

இப்போது 30 உடன் 15 ஐக் கூட்டினால் 45 என்று நம் மாணவர்கள் சொல்வார்கள். அவ்வாறு கூட்டுவதில்லை. ஒன்றிய அரசு 2018 ஜனவரி 4 அன்று வெளியிட்டு 2024 மார்ச்சில் திருத்திய மதிப்பீட்டு நெறிமுறைகள் உள்ளன. 2018 ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இதற்கென ஒரு வாய்பாடு உண்டு. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்க. தொண்ணூறிலிருந்து அதைக் கழிக்க. மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்டுக. 90 இல் 30 போக மீதி 60. அதை 15 ஆல் பெருக்க 900. தொண்ணூறால் வகுக்க 10. 30 உம் 10 உம் கூட 40. மிகச் சரியாக நாற்பது! ஒரு விழுக்காடு குறைந்திருப்பினும் அவர் வாயிற்படிக்கு வெளியே நின்றிருப்பார். நாம் வகுப்பறையில் படித்த நான்காம் வகுப்புக் கணக்கு, ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானித்த இடம் இது. ஆகவே இளைஞர்களே, உங்கள் வீட்டாரின் சான்றிதழை எடுத்து, எந்த உறுப்புக்கு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். விடுபட்ட உறுப்பு உண்டா, கூட்டிய முறை சரியா என்று நீங்களே கணக்கிடுங்கள்.

கணக்கு நமக்குச் சாதகமாக அமையாத இடமும் உண்டு. அதையும் நேர்மையாகக் கூற வேண்டும். ஒரு கண் முற்றும் இழந்து, மறுகண் நன்றாகத் தெரிபவர்க்கு 2018 நெறிமுறைப்படி 30 விழுக்காடே. அவரை மேல்முறையீட்டுக்கு இழுத்துச் சென்று, கூலி நாட்களை இழக்கச் செய்வது உதவியாகாது. ஆயினும் நாற்பதுக்குக் கீழ் உள்ளோர்க்கு உரிமையே இல்லை என்பதும் தவறு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறையுடைய ஒரு தேர்வர், நாற்பது விழுக்காடு இல்லாதபோதும், தேர்வெழுத உதவியாளர் பெற உரியவர் என்று உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. அதுபோலவே 2024 அக்டோபர் 15 அன்று, நாற்பது விழுக்காட்டுக் குறை இருப்பது ஒன்றைக் கொண்டே ஒரு மாணவரை மருத்துவப் படிப்பிலிருந்து விலக்கலாகாது என்றும், அக்குறை படிப்பிற்குத் தடையாகுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து, மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கூறியது. எண்ணை மட்டுமன்றி ஆளையும் பார்க்க வேண்டும் என்பதே இவ்விரு தீர்ப்புகளின் சாரம்.

நான்காம் படி, மனு எழுதுதல். ஒரு பக்கம் போதும். “ஏழையேன்”, “கருணை கூர்ந்து”, “தங்கள் பாதம் பணிந்து” என்ற சொற்கள் வேண்டா. எந்த நாளில், எந்த மருத்துவக் குழு, என்ன முடிவு செய்தது. அதில் எது விடுபட்டது. எந்தத் தாள் அதைக் காட்டுகிறது. நாம் கேட்பது என்ன. இந்நான்கும் போதும். “குழு என் கையை மட்டும் ஆராய்ந்து 30 விழுக்காடு எனக் குறித்துள்ளது. என் இடக் கணுக்கால் ஆராயப்படவில்லை. இணைப்பு 3 இல் எக்ஸ்ரே உள்ளது. இரண்டையும் ஆராய்ந்து சேர்த்துக் கணிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இதில் பணிவு உண்டு, தாழ்வு இல்லை. மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் நாளும் பெற வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் விரைவு அஞ்சலில் அனுப்பி, அச்சீட்டை மனு நகலோடு ஒட்டி வைக்க வேண்டும். கால எல்லை உண்டு என்பதால், முடிவு கைக்கு வந்த வாரத்திலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்குச் சென்று, கடைசி நாளை எழுத்தில் கேட்டு அறிதல் வேண்டும்.

ஐந்தாம் படி, விசாரணை நாள். அன்றாடம் பயன்படுத்தும் ஊன்றுகோல், காலணி, கண்ணாடி, செவிக்கருவி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். அலுவலகத்திற்குப் போகிறோமே என்று ஊன்றுகோலை வீட்டில் வைத்துவிட்டு, மகன் தோளைப் பற்றிக்கொண்டு போகலாகாது. தூய ஆடை உடுத்துவதில் தவறில்லை. அழுக்கு ஆடைதான் இரக்கம் ஈட்டும் என்பார் சொல்லைக் கேளாதீர். துணைக்கு ஒருவர் செல்ல வேண்டும். பெண்களுக்குப் பெண் துணை வேண்டும். ஆனால் விடை சொல்ல வேண்டியவர் குறையுடையவரே. மகனும் மருமகனும் முந்திக்கொண்டு பேசினால், உரியவரின் குரல் அடங்கிவிடும். செவித்திறனற்றவர்க்குச் சைகை மொழி அறிந்தவர் வேண்டும் என்பதை முன்கூட்டியே மனுவில் எழுத வேண்டும்.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்றால், அது முகமன் கேள்வியன்று. “இன்று சுமாராக உள்ளது. மாதத்தில் பத்து நாள் இவ்வாறு இருக்கும், இருபது நாள் படியேற முடியாது” என்று சொல்லுங்கள். கேள்வி விளங்கவில்லையெனில், விளங்கவில்லை என்று சொல்லுங்கள். முடிந்ததை முடியும் என்றும், முடியாததை முடியாது என்றும் சொல்லுங்கள். மிகைப்படுத்தல் வேண்டா. செவித்திறனைப் பொறுத்தவரை, கேட்கிறதா என்று கேட்காமலேயே மூளையின் மின்னசைவைக் கொண்டு அறியும் சோதனையும் உண்டு. ஓரிடத்தில் பொய் வெளிப்பட்டால், மெய்யான குறையையும் எவரும் நம்பார்.

இதனோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. அலுவலக வாயிலில் தரகர் நிற்பார். இத்தனை ஆயிரம் கொடுத்தால் இத்தனை விழுக்காடு என்பார். தகுதியின்றி மோசடியாக இப்பயன்களைப் பெறுவோர்க்கும், பெற முயல்வோர்க்கும் இரண்டாண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு என்கிறது 91 ஆம் பிரிவு. தரகர் தப்பிவிடுவார், அகப்படுவது நம்மவர். அதுமட்டுமன்று, ஒரு போலிச் சான்றிதழ், மெய்யான பத்துப் பேரை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

மேல்முறையீடும் தோற்றால் என்ன செய்வது? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம், உயர்நீதிமன்றமும் உண்டு. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று வருந்த வேண்டா. 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்படிப்பகத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுங்கள். மேல்நிலை வகுப்பும் கல்லூரியும் பயிலும் நம் பிள்ளைகள் இருவர் அமரட்டும். தெருவில் உள்ள பெரியவர்கள் தம் தாள்களைக் கொண்டுவரட்டும். தாளைப் படித்துக் காட்டுவது, கடைசி நாளைக் குறித்து வைப்பது, நோட்டில் எழுதித் தருவது, விசாரணைக்கு முன்னாள் மாலையில் கேள்வி கேட்டுப் பழக்குவது ஆகிய நான்கு வேலைகளே போதும். இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. படிக்கத் தெரிந்த கண்ணும், பொறுமையாகக் கேட்கும் செவியும் தேவை. படித்த பிள்ளை நம் தெருவுக்குத் திருப்பித் தரக்கூடிய கடன்களில் இதனினும் எளியது வேறில்லை.

“நல்லா இருக்கேன் சாமி” என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, “இது முடிகிறது, இது முடியவில்லை, இதோ தாள்” என்று நிமிர்ந்து சொல்லக் கற்பிப்போம். அதுவும் கல்வியே.